நர்சம்மாவிடம் கேட்டவை: முதுமை மறதியைத் தள்ளிப்போட முடியுமா?

நான் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர். வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை. தடுப்பூசி போடவும் கர்ப்பிணிகளின் பெயர் எழுதவும் எந்த வீடுகளுக்குப் போனேனோ, அந்த வீட்டுப் பெண்களெல்லாம் இப்போது பாட்டிகள். வழியில் பார்த்தால் நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள்: "நர்சம்மா, மறதி ஜாஸ்தியாகுது. இது அதுவா?" அந்த 'அது' டிமென்ஷியா, தமிழில் முதுமை மறதி. என் அம்மாவுக்கும் வந்தது. எட்டு வருடம் கூடவே இருந்து பார்த்தேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

சாவியை எங்கே வைத்தேன் என்று மறக்கிறேன். எனக்கு வந்துவிட்டதா?

அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. குழம்புக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வருவது எல்லோருக்கும் உள்ளது; ருசி பார்த்தால் தீர்ந்தது. நாற்பது வருடம் வைத்த குழம்பில் அடுத்து என்ன போடுவது என்று தெரியாமல் அடுப்பு முன்னால் விழித்துக்கொண்டு நின்றால் கவனிக்க வேண்டும். தெரிந்தவர் பெயர் வாயில் வராமல் அரை மணி கழித்து ஞாபகம் வருவதும் சாதாரணம்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தினம் போகிற தெருவுக்கு வழி தெரியாமல் நிற்பது வேறு விஷயம். ரேஷன் கடையில் மீதிச் சில்லறை எண்ணத் தெரியாமல் போவது, சாப்பிட்ட பத்தாவது நிமிடம் "இன்னும் சோறு போடலையா" என்று கேட்பது, நகையை மருமகள் எடுத்துவிட்டாள் என்று புதிதாகச் சந்தேகப்படுவது, இப்படி அன்றாட வேலையும் குணமும் மாறினால் டாக்டரிடம் போக வேண்டும்.

ஒரு அடையாளம் சொல்வேன், முழு நம்பிக்கை வைக்க வேண்டாம். மறக்கிறவர் தானே வந்து புலம்பினால் பெரும்பாலும் பயமில்லை. அவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறார், வீட்டில் இருப்பவர்கள் வந்து சொல்கிறார்கள் என்றால் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

வயதானால் எல்லோருக்கும் வரத்தானே போகிறது?

இல்லை. நாடு முழுக்க 60 வயது தாண்டியவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வின் கணக்கு 2023-ல் வந்தது: நூற்றுக்கு 7.4 பேர். மொத்தமாக ஏறக்குறைய 88 லட்சம் பேர். திருப்பிப் பார்த்தால் நூற்றில் 92 பேருக்கு மேல் இல்லை. வயது கூடக்கூட ஆபத்து கூடும், அதை மறுக்க முடியாது. பெண்களுக்கும், கிராமத்தில் இருப்பவர்களுக்கும், பள்ளிக்கூடம் பார்க்காதவர்களுக்கும் அதிகம் என்றும் அதே ஆய்வு சொன்னது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள்தான் நான் ஊசி போட்ட வீடுகளின் பாட்டிகள்.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. '10/66' என்று ஓர் உலக ஆய்வுக் குழு இருக்கிறது. முதுமை மறதிக்காரர்களில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். இந்தியாவில் அவர்கள் எடுத்த இரண்டு இடங்கள்: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர்.

இதை உண்மையிலேயே தடுக்க முடியுமா, அல்லது ஆறுதலுக்குச் சொல்கிறீர்களா?

2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு சொன்ன கணக்கு: மாற்றக்கூடிய 14 காரணங்கள் உள்ளன, அவை அத்தனையும் இல்லாமல் போனால் உலகத்தில் வரும் டிமென்ஷியாவில் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். 2017-ல் இதே குழு 9 காரணங்கள், 35 சதவீதம் என்றது. 2020-ல் 12 காரணங்கள், 40 சதவீதம். இந்தியாவுக்கு மட்டும் 2019-ல் தனியாகப் போட்ட கணக்கில் அந்தப் பழைய 9 காரணங்களுக்கே 41 சதவீதம் வந்தது.

இந்த 45-ஐத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. 'நான் எல்லாம் ஒழுங்காகச் செய்தால் எனக்கு 45 சதவீதம் பாதுகாப்பு' என்று அர்த்தமில்லை. அது ஒரு பெரிய ஜனக்கூட்டத்துக்கான கணக்கு. மீதி 55 நம் கையில் இல்லை என்பதையும் அதே எண்தான் சொல்கிறது. தள்ளிப்போடுவதும் சின்ன விஷயமில்லை. 75-ல் வர இருந்தது 80-ல் வந்தால், அந்த ஐந்து வருடம் பேரன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஐந்து வருடம்.

அந்த 14 என்னென்ன?

சின்ன வயதில் படிப்பு இல்லாதது. நடு வயதில் காது கேளாமை, கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல்., ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, உடல் பருமன், மன அழுத்த நோய், தலைக்காயம், உடல் உழைப்பின்மை, புகை, அளவு மீறிய குடி. கடைசிக் காலத்தில் தனிமை, காற்று மாசு, சரிசெய்யாத பார்வைக் குறைவு. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. அந்த 45-ல் காதுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் தலா 7 சதவீதம். படிப்புக்கும் தனிமைக்கும் தலா 5. மற்றவை மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கும்.

காதுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

நான் அதிகம் மல்லுக்கட்டுவது இந்தக் கேள்வியில்தான். கண் மங்கினால் உடனே கண்ணாடி போடுகிறோம், புரை வந்தால் முகாமில் ஆபரேஷன் செய்துகொள்கிறோம். காது மந்தமானால் வீட்டில் சிரிக்கிறோம். "செவிட்டுக் காதில் சங்கு ஊதின மாதிரி" என்று அவர் எதிரிலேயே சொல்கிறோம். கேட்காதுதானே என்ற தைரியம். டிவி சத்தத்தைக் கூட்டிக் கூட்டி மருமகளுக்கும் மாமனாருக்கும் சண்டை வரும். கடைசியில் அவர் டிவியையும் விட்டு, திண்ணையையும் விட்டு, மூலையில் உட்கார்ந்துவிடுவார். யாராவது ஏதாவது கேட்டால் சும்மா தலையாட்டுவார். பேச்சு போனால் மூளைக்கு வேலை போயிற்று. கேட்கிற அரைகுறைச் சத்தத்தைப் புரிந்துகொள்ளவே மூளை தன் பலத்தைச் செலவழிப்பதால் ஞாபகத்துக்கு மிச்சமிருப்பது குறைகிறது என்று ஒரு விளக்கமும் சொல்கிறார்கள்.

விசைத்தறிக் கொட்டகையில் இருபது வருடம் நின்றவர்கள், மாவு மில்லில் இருந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் நாற்பத்தைந்து ஐம்பதிலேயே காது குறைய ஆரம்பிக்கும். சத்தம் அதிகமான இடத்தில் வேலை என்றால் காதடைப்பான் போட வேண்டும். பஞ்சு மட்டும் திணித்தால் போதாது.

காது மிஷின் போட்டால் டிமென்ஷியா வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை 977 பேரை வைத்து மூன்று வருடம் பார்த்தார்கள், 2023-ல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் மிஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்தவர்களில், மிஷின் போட்டவர்களுக்கு அறிவாற்றல் தேய்வு 48 சதவீதம் மெதுவாக நடந்தது. எனக்கு இது போதும். மூளைக்கு உதவினாலும் உதவாவிட்டாலும் பேரப்பிள்ளை பேசுவதாவது கேட்கும்.

முதலில் மிஷினுக்குப் போக வேண்டாம். காது டாக்டரிடம் காட்டுங்கள். சிலருக்குக் குரும்பி அடைத்திருக்கும், எடுத்துவிட்டால் அன்றைக்கே கேட்கும். ஊக்கும் தீக்குச்சியும் வைத்து வீட்டில் குடைய வேண்டாம். மிஷின் தேவை என்றால், தகுதியுள்ளவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் இலவசமாகக் கிடைக்கும். வாங்கின முதல் வாரம் இரைச்சலாகத்தான் இருக்கும். பெட்டியில் போட்டு பீரோவில் வைத்துவிட்ட மிஷின்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பொறுமையாக முதலில் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு என்று பழக வேண்டும்.

பி.பி. இருக்கிறது, ஆனால் ஒன்றும் செய்யவில்லை. மாத்திரை அவசியமா?

என் அம்மாவும் இதையேதான் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் பண்ணலையே." ஊரெல்லாம் பி.பி. பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வருவேன். அம்மாவுக்கு ஒருநாள் 170 இருந்தது. மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். தலைவலி வரும் நாட்களில் மட்டும் அவர் போட்டுக்கொண்டார் என்பது பல வருடம் கழித்து அலமாரியைச் சுத்தம் செய்யும்போதுதான் தெரிந்தது. பிரிக்காத அட்டைகள் ஒரு பை நிறைய. எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பைதான் காரணம் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது.

ரத்தக் கொதிப்பு மூளைக்குள் இருக்கிற நூல் மாதிரியான சின்னக் குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. ஒரு குழாய் அடைத்தால் அது ஊட்டிய இடம் கருகும். பெரிதாக அடைத்தால் பக்கவாதம், கை கால் இழுத்துக்கொள்ளும், ஊருக்கே தெரியும். சின்னச் சின்னதாக அடைத்தால் வெளியே ஒன்றும் தெரியாது, நடை தளரும், யோசனை மந்தமாகும். லான்செட் குழு 40 வயதிலிருந்தே மேல் எண்ணை 130 அல்லது அதற்குக் கீழே வைக்கச் சொல்கிறது. 2019-ல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 140-ஐ இலக்காக வைத்தவர்களைவிட 120-ஐ இலக்காக வைத்தவர்களுக்கு லேசான ஞாபகக் குறைவு வருவது குறைந்தது. உங்களுக்கு எந்த எண் சரி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எண்பது வயதில் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறவருக்கு வேறு கணக்கு.

மாத்திரை வாங்க அலைய வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வாங்கி வைத்தால் போதாது, விழுங்க வேண்டும். அட்டையில் நாள் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை மகளோ மருமகளோ எண்ணிப் பார்க்கட்டும்.

உப்பையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே இலையில் வந்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

களி சாப்பிட்டால் சர்க்கரை வராது என்கிறார்களே?

கேழ்வரகுக் களி நம் வட ஆர்க்காட்டுச் சாப்பாடு, நல்லதுதான். ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். இரண்டு பெரிய உருண்டை சாப்பிட்டுவிட்டு 'நான் சோறே தொடுவதில்லை' என்று பெருமைப்படுகிறவரின் சர்க்கரை ஏறித்தான் இருக்கும். ஒரு உருண்டை, கூட நிறையக் கீரை அல்லது பருப்புக் குழம்பு என்றால் சரி. மூளைக்கு நல்லது என்று வெளிநாட்டில் சொல்கிற சாப்பாட்டில் காய்கறி, பருப்பு, கொட்டை, மீன் நிறைய. இனிப்பு, இறைச்சி, பொரித்தது கொஞ்சம். நமக்கு நிலக்கடலை இருக்கிறது, முருங்கைக்கீரை இருக்கிறது, முள்ளுக் கத்தரிக்காய் இருக்கிறது. ஆலிவ் எண்ணெய் வாங்கக் கடன்பட வேண்டாம்.

ஆம்பூர் பிரியாணியும் ஆற்காடு மக்கன் பேடாவும் என்ன ஆவது என்று கேட்பீர்கள். கல்யாணத்தில் சாப்பிடுங்கள். ஞாயிறு தோறும் கல்யாணம் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு ஒன்று. சர்க்கரை ஏறுவது போலவே மிகவும் இறங்குவதும் மூளைக்குக் கெடுதல். ஆடி மாத விரதமோ ரம்ஜான் நோன்போ, எதுவானாலும் மாத்திரையை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிட்டு இருங்கள். கொலஸ்ட்ராலை நாற்பது வயது முதல் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். அது வெளியே எந்த அறிகுறியும் காட்டாது.

வல்லாரை மாத்திரை, ஞாபக சக்தி டானிக், வைட்டமின்?

வல்லாரைத் துவையல் ருசியாக இருக்கும், சாப்பிடுங்கள். மருந்து என்று நம்பி மாதம் ஆயிரம் ரூபாய் செலவழிக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை. வைட்டமின் பி, ஈ, மீன் எண்ணெய் ஆகியவற்றை டிமென்ஷியாவைத் தடுப்பதற்காகச் சிபாரிசு செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. ரத்தத்தில் பி12 உண்மையிலேயே குறைந்திருந்தால் அது வேறு. அதற்கு ஊசியோ மாத்திரையோ கட்டாயம் வேண்டும். அந்த ஆயிரம் ரூபாயை ஒருமுறை காதுப் பரிசோதனைக்குச் செலவழியுங்கள்.

நடந்தால் போதுமா? எவ்வளவு?

வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்குகிற வேகத்தில். அதாவது ஐந்து நாள், அரை மணி நேரம். காலையில் வேலூர்க் கோட்டைப் பக்கம் போனால் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று பார்க்கலாம். பாதிப்பேர் போனில் பேசிக்கொண்டு அன்னநடை நடக்கிறார்கள். பேசலாம், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். நம் ஊர் வெயிலுக்கு ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். களை எடுக்கிறவர்களும் தண்ணீர் சுமக்கிறவர்களும் தனியாக நடைப்பயிற்சிக்கு அலைய வேண்டியதில்லை. உடம்பு வேலை செய்து பழகியவர்கள் மகன் வீட்டு மாடிக்குக் குடிபோய் உட்கார்ந்துவிடும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

நான் பள்ளிக்கூடமே போனதில்லை. எனக்கு வந்தே தீருமா?

வந்தே தீரும் என்று எதுவும் இல்லை. சின்ன வயதுப் படிப்பு மூளைக்கு ஒரு சேமிப்பு மாதிரி. பின்னால் நோய் கொஞ்சம் செலவழித்தாலும் கையிருப்பு தாங்கும். அந்தச் சேமிப்பு கிடைக்காதது உங்கள் குற்றமில்லை. அந்தக் காலத்தில் பெண்பிள்ளையைப் பீடி சுற்ற உட்கார வைத்தார்கள், தம்பியைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். உங்கள் பேத்தியைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தாமல் இருப்பது அவளுடைய எழுபதாவது வயதுக்கு நீங்கள் செய்கிற வைத்தியம்.

சேமிப்பை அப்புறமும் சேர்க்கலாம். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் நாற்பது வயதில் கையெழுத்துப் போடக் கற்ற பெண்கள் பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு ஏறினதை நான் பார்த்தேன். அந்த முகங்களை மறக்க முடியாது. இன்றைக்கும் பேரனின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து உட்காரலாம்.

மொழி பற்றி ஒரு நல்ல சேதி. ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்தார்கள், 2013-ல் முடிவு வந்தது. ஒன்றுக்கு மேல் மொழி பேசினவர்களுக்கு அது நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது. படிக்காதவர்களிடமும் இதே வித்தியாசம் இருந்தது. வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், பேரணாம்பட்டில் பக்கத்து வீட்டு பீபியிடம் உருது என்று நாள் முழுக்க மாற்றி மாற்றிப் பேசும் பாட்டிகளைத்தான் 'படிக்காதவர்கள்' என்று பதிவேட்டில் எழுதி வைத்தோம். பேரன்களோடும் அந்த மொழிகளில் பேசுங்கள், விட்டுவிடாதீர்கள்.

குறுக்கெழுத்து, போனில் மூளை விளையாட்டு எல்லாம்? பிடித்தால் ஆடுங்கள். திரும்பத் திரும்ப ஆடினால் அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவீர்கள், அதற்கு மேல் பெரிதாக நிரூபணமில்லை. நாலு பேர் உட்கார்ந்து தாயக்கட்டை உருட்டுவதை நான் அதற்கு மேலே வைப்பேன். சண்டையும் சேர்ந்து வருகிறது அல்லவா.

வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள். தனிமை எங்கிருந்து வரும்?

வீடு நிறைய ஆள் இருந்தும் காலையிலிருந்து ஒருவரும் முகம் பார்த்துப் பேசாத பெரியவர்கள் உண்டு. மகன் ராணிப்பேட்டையில் கம்பெனி வேலை, மருமகள் வேலைக்குப் போகிறாள், பேரன் போனுக்குள் இருக்கிறான். சாப்பாடு மூடி வைத்திருக்கும்.

கணவரை இழந்த பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதில் எனக்குக் கோபம் உண்டு. வளைகாப்புக்கு அழைக்க மாட்டார்கள், மஞ்சள் இடிக்கும் இடத்தில் நிற்க விட மாட்டார்கள். அவர்களே ஒதுங்கிக்கொள்வார்கள். அப்படி ஒரு வருடம் ஒதுங்கினால் தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது, மனம் இருண்டுபோகும். தனிமைக்கு 5 சதவீதம், மன அழுத்த நோய்க்கு 3 என்று லான்செட் பட்டியல் தனித்தனியாக எழுதியிருக்கிறது. நம் வீடுகளில் இரண்டும் ஒரே அறையில்தான் படுத்திருக்கின்றன. அவரைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வையுங்கள். இதற்கு எந்த டாக்டர் சீட்டும் வேண்டாம்.

நூறு நாள் வேலைக்குப் போன எழுபது வயதுப் பெண்களிடம் "இந்த வெயிலில் எதுக்கு?" என்று கேட்டிருக்கிறேன். "காசு கிடக்கட்டும், நாலு பேரோட பேசிட்டு வரலாமே" என்பார்கள். பஜனை, சுயஉதவிக் குழு, பள்ளிவாசல், சர்ச், பாரதக் கூத்து நடக்கும் பத்து ராத்திரி, எதுவானாலும் சரி, போகட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் அழுதுகொண்டோ சுருண்டோ கிடந்தால் அது வயதின் குணம் அல்ல, சிகிச்சை உள்ள நோய். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பீடி, குடி?

பீடியை எந்த வயதில் விட்டாலும் லாபம்தான். சிகரெட்டைவிட பீடி பரவாயில்லை என்ற பேச்சு வேண்டாம். குடியில் லான்செட் குழு கிழித்த கோடு வாரத்துக்கு 168 கிராம் ஆல்கஹால். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, 42.8 சதவீத சரக்கு என்றால் ஏறக்குறைய 61 கிராம். வாரம் மூன்று குவார்ட்டர் ஆனால் கோட்டைத் தாண்டியாயிற்று. "நான் அளவாகக் குடிக்கிறேன்" என்று சொல்கிறவர்கள் இந்தக் கூட்டலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். கோட்டுக்குக் கீழே குடித்தால் நல்லது என்று யாரும் சொல்லவில்லை.

தலைக்காயம் என்று சொன்னீர்களே?

ஹெல்மெட். பெங்களூர் ரோட்டில் மட்டும் போட்டால் போதாது, கடைக்குப் போகும்போதும் போட வேண்டும், பின்னால் உட்காருகிறவரும்தான். வீட்டில் குளியலறைத் தரை வழுக்காமல், கைப்பிடி ஒன்றும் இரவு விளக்கு ஒன்றும் வையுங்கள். பெரியவர் விழுந்து தலையில் லேசாகத்தான் பட்டது, ஆனால் சில வாரம் கழித்துத் தடுமாற்றம், தூங்கிக்கொண்டே இருப்பது, நடை கோணுவது என்றால் மூளையைச் சுற்றி மெதுவாக ரத்தம் கட்டியிருக்கலாம். உடனே ஸ்கேன் வேண்டும். அறுவை சிகிச்சையில் பலர் பழையபடி ஆகிவிடுகிறார்கள்.

காற்றுக்கு நாம் தனியாகச் செய்யக்கூடியது குறைவு. ஆனால் கேஸ் வந்த பிறகும் கொல்லையில் தென்னமட்டை போட்டு வெந்நீர் காய்ச்சும் அடுப்பு இருக்கிறது அல்லவா, அந்தப் புகைக்கு முன்னால் பாட்டியை உட்கார வைக்காதீர்கள். வாசலில் பிளாஸ்டிக் எரிப்பதையும் நிறுத்தலாம்.

என் அப்பாவுக்கு இருந்தது. எனக்கும் வருமா?

ஆபத்து கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஒரே மரபணுக் கோளாறு நேராகப் பிள்ளைக்கு இறங்கி நாற்பது ஐம்பதிலேயே வருவது மிக அபூர்வம். அப்பாவிடமிருந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பீடிப் பழக்கமும் இறங்கியிருக்கிறதா என்பதைப் பாருங்கள், அவற்றை மாற்றலாம். மரபணுச் சோதனைக்குப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள்.

எனக்கு 68 வயது. இப்போது ஆரம்பித்து என்ன பயன்?

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரை 1260 பேரை வைத்து இரண்டு வருடம் செய்த ஆய்வு 2015-ல் வந்தது. சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, பி.பி. முதலியவற்றைக் கண்காணிப்பது, எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தார்கள். வெறும் ஆலோசனை மட்டும் கேட்டவர்களைவிட இவர்கள் யோசிக்கும் திறனில் முன்னே வந்தார்கள். டிமென்ஷியா நின்றதா என்பதை அந்த இரண்டு வருடத்தில் காட்ட முடியவில்லை. ஆனால் 68 தாமதமில்லை. அதே சமயம் டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் நோயின் மாற்றங்கள் மூளையில் தொடங்குவது மறதி தெரிவதற்குப் பதினைந்து இருபது வருடம் முன்பு. அதனால் இதைப் படிக்க வேண்டிய சரியான ஆள் நீங்கள் இல்லை, உங்கள் 45 வயது மகன்.

எல்லாம் ஒழுங்காக இருந்தவருக்கும் வந்ததே?

வரும். வெற்றிலைகூடப் போடாத, தினம் நடந்த, நாலு மொழி பேசிய மனிதருக்கும் வந்ததைப் பார்த்தேன். அந்த வீட்டில் போய் "பி.பி. பார்த்திருந்தால் வந்திருக்காதே" என்று சொல்லாதீர்கள். என்னிடம் சொன்னார்கள், அதனால் தெரியும். முதியோருக்கான உதவி எண் 14567. பார்த்துக்கொள்கிறவர்கள் தங்களுக்காகவும் அதில் கேட்கலாம்.

சந்தேகமாக இருக்கிறது. எங்கே போவது, என்ன எடுத்துப் போவது?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். அவர்கள் அனுப்பினால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சி.எம்.சி.க்குப் போகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும் தைராய்டு, பி12, சர்க்கரை, மன அழுத்தம் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றால் வரும் மறதி சிகிச்சையில் குறையும், சிலருக்குப் போயே போய்விடும்.

கூடவே இருக்கிற ஒருவர் போக வேண்டும், தீபாவளிக்கு வந்த மகன் போதாது. எப்போது ஆரம்பித்தது, முதலில் எந்த வேலை தடுமாறியது என்று நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள். அவர் முன்னால் அதைப் படித்துக் காட்ட வேண்டாம், சீட்டை டாக்டரிடம் நீட்டினால் போதும். கண்ணாடியும் காது மிஷினும் போட்டே அழைத்துப் போங்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் மறதி என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பி.பி. மாத்திரை மட்டும் போதாது. தூக்க மாத்திரை, சளி அரிப்புக்கு மெடிக்கலில் தானே வாங்கியது, சிறுநீர் அடக்கத் தருவது, முட்டிவலி மாத்திரை, நாட்டு மருந்துப் பொட்டலம், எல்லாமும். சில தூக்க மாத்திரைகளும் அரிப்பு மாத்திரைகளும் வயதானவர்களுக்குத் தடுமாற்றத்தை உண்டாக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பிரிக்காத அட்டைகள் இருந்தால் அவற்றையும் மறைக்காமல் அந்தப் பையிலேயே போடுங்கள்.